இரண்டாம் வரி

ஐம்பத்தெட்டு வயதில் சுகிர்தபாய் முதல் தடவையாகக் காலில் சாக்ஸ் மாட்டிக்கொண்டு, முன்னறையிலிருந்து அடுக்களை வரைக்கும் நடந்து பார்த்துக்கொண்டிருந்தாள். டைல்ஸ் தரை. ஒவ்வொரு அடிக்கும் கால் தன் இஷ்டத்துக்குக் கொஞ்சம் முன்னால் போய் நின்றது. சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். ஜப்பானில் வீட்டுக்குள் செருப்பு போடக்கூடாது, அடுத்தவர் வீட்டில் வெறுங்காலோடு ஏறுவதும் மரியாதை இல்லை, சாக்ஸ் வேண்டும், அதில் ஓட்டையும் இருக்கக்கூடாது என்று மகள் ஜீனா வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பியிருந்தாள். அலமாரிக் கண்ணாடிக்கு முன்னால் அவள் கணவர் ஈசாக் இடுப்பை வளைத்துக் குனிந்து நிமிர்ந்துகொண்டிருந்தார். கை தொடையோடு ஒட்டியிருக்க வேண்டும், முதுகு வளையக்கூடாது, பார்வை தரையில். நாலாவது முறை குனிந்தபோது சட்டைப் பையிலிருந்து மூக்குக்கண்ணாடி கீழே விழுந்தது.

"நீங்க குனியது கண்டா போஸ்ட்டுக்குக் கீழ விழுந்த நட்டு தேடுகது மாதிரி உண்டு" என்றாள் சுகிர்தபாய்.

"சிரிக்காத. இத வச்சாக்கும் அங்க ஆள அளக்குகது" என்றார் ஈசாக், மெல்லிய குரலில்.

அந்த மெல்லிய குரல்தான் இரண்டு வாரமாக ஆரியங்கோட்டில் எல்லோருக்கும் அதிசயம். முப்பத்தோரு வருஷம் மின்சார வாரியத்தில் லைன்மேனாக இருந்தவர். கம்பத்தின் உச்சியில் நிற்கிறவனுக்குக் கேட்கக் கீழே நின்று கத்திக் கத்தி அந்தத் தொண்டைக்கு வேறு அளவே தெரியாமல் போயிருந்தது. வீட்டில் உப்பு கேட்டால் ரப்பர் தோட்டம் தாண்டிக் கேட்கும். ஜப்பானில் ரயிலில் யாரும் பேசுவதே இல்லை, போன் வந்தால்கூட எடுப்பதில்லை என்று ஜீனா சொன்ன நாளிலிருந்து மனுஷன் காதில் ரகசியம் சொல்கிறவர் மாதிரி பேசிப் பழகிக்கொண்டிருந்தார். மகள் சொன்ன ஒவ்வொன்றையும் டைரியில் எழுதி நம்பர் போட்டு வைத்திருந்தார். சோற்றில் சாப்பிடும் குச்சியைக் குத்தி நிறுத்தக்கூடாது. எதைக் கொடுத்தாலும் இரண்டு கையால் கொடுக்க வேண்டும். நாலு எண்ணிக்கையில் எதுவும் கொடுக்கக்கூடாது, அது அங்கே சாவுக்கான எண். கக்கூசுக்கு வேறு செருப்பு. பதினேழாவதாக எழுதியிருந்தது இது: யாரிடமும் கல்யாணம் ஆச்சா, பிள்ளை உண்டா என்று கேட்கக்கூடாது.

"நம்ம ஊர்ல அதக் கேக்காம பின்ன என்னத்தப் பேசுகது?" என்று சுகிர்தபாய் அன்றைக்குச் சிரித்தாள். போனில் ஜீனா சிரிக்கவில்லை. "அங்க அது மரியாதை இல்லம்மா" என்று மட்டும் சொன்னாள்.

ஜீனா போய் ஆறு வருஷம். நர்ஸிங் முடித்த கையோடு, நகோயாவுக்குப் பக்கத்தில் ஒரு ஊரில், வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் இல்லத்தில் வேலை கிடைத்துப் போனவள். முதலில் கொரோனா, பிறகு லீவு கிடைக்கவில்லை, பிறகு வேறு இல்லத்துக்கு மாறினாள். ஒரு தடவைகூட ஊருக்கு வரவில்லை. இந்த வருஷம் திடீரென்று, "நீங்க ரெண்டு பேரும் இஞ்ச வாங்க, நான் எல்லாம் செய்யுதேன்" என்றாள். விசா வந்துவிட்டது. அடுத்த வாரம் புதன்கிழமை விமானம். அதற்கு முன்னால், இந்த வியாழக்கிழமை சாயங்காலம் போதகர் வீட்டுக்கு வந்து பயண ஜெபம் செய்வதாக ஏற்பாடு. போன ஞாயிறு ஆராதனையில் அறிவிப்பும் ஆகிவிட்டது. சபைச் செயலாளர் ஈசாக் ஜப்பான் போகிறார் என்றால் சும்மாவா!

அன்று செவ்வாய்க்கிழமை. மூன்றரை மணிக்கு ஈசாக், ஜீனாவின் வீட்டுச் சொந்தக்காரருக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் கொடுக்கச் சரிகைக் கரை போட்ட கசவுத் துண்டு வாங்க வேண்டும் என்று ஸ்கூட்டரில் அமரவிளைக்குப் போனார். அவர் போன கொஞ்ச நேரத்தில் பக்கத்து வீட்டு ஜின்சி வந்தாள். காரக்கோணத்தில் ஆஸ்பத்திரி நர்ஸ். முப்பத்துநாலு வயது, ஐந்து வயதில் ஒரு பெண்குழந்தை. அவளும் ஜப்பான் போகத்தான் நெய்யாற்றின்கரையில் ஒரு வகுப்பில் அந்த மொழி படித்துக்கொண்டிருந்தாள். செவ்வாயும் வெள்ளியும் டியூட்டி முடிந்து வரும்போது இவர்களுக்கு நாலு வார்த்தை சொல்லிக்கொடுப்பாள்.

அன்றைக்கு 'தண்ணீர் தாருங்கள்' சொல்லிக்கொடுத்தாள். சுகிர்தபாய் ஐந்து தடவை சொல்லிப் பார்த்தாள். வாய்க்குள் வந்துவிட்டது. பிறகு ஜின்சி சொன்னாள், "மாமி, வழி தப்பிப்போனா ஆருட்டயாவது வீட்டு விலாசம் சொல்லத் தெரியணும். ஜீனா அயச்ச கடலாசு இருக்குமே, அத எடுங்க."

சுகிர்தபாய் அலமாரியிலிருந்து பிளாஸ்டிக் ஃபைலை எடுத்துக் கொடுத்தாள். விசாவுக்குக் கொடுத்த எல்லாக் காகிதத்துக்கும் ஒரு நகல் கையில் இருக்க வேண்டும் என்று ஜீனா சொல்லி, பாறசாலையில் கம்ப்யூட்டர் கடையில் அச்செடுத்தவை. அதில் ஒரு தாள் முழுக்க ஜப்பான் எழுத்து. அந்த ஊர் ஆபீசில் கொடுத்தது. அதில் இவர்களால் வாசிக்க முடிந்தது, முதல் வரியில் இங்கிலீஷில் இருந்த மகளின் பெயர் மட்டும்தான். அதற்குக் கீழே இரண்டாவதாக ஒரு வரி, எல்லாம் அவர்கள் எழுத்து. 'அது வீட்டு ஓனருக்க பேரா இருக்கும்' என்று ஈசாக் அன்றைக்கே தீர்ப்புச் சொல்லியிருந்தார்.

ஜின்சி விலாசத்தை முதலில் வாசித்தாள். விரல் கீழே இறங்கியது. இரண்டாம் வரியில் நின்றது. உதடு அசைந்தது. இடது கை விரல்களை மடக்கி ஏதோ எண்ணினாள். மறுபடி வாசித்தாள். பிறகு தலையைத் தூக்கி, "மாமா எங்க?" என்று கேட்டாள்.

"அமரவிளைக்கு போயிருக்காரு. என்ன பிள்ள?"

"ஒண்ணும் இல்ல. நான் நாளைக்கு வாறேன் மாமி." ஃபைலை மூடினாள். எழுந்தும்விட்டாள்.

சுகிர்தபாய் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "விசா தப்பா?"

"விசாயெல்லாம் செரியாக்கும்."

"பின்ன உனக்க மொகம் ஏன் இப்பிடிப் போச்சு? இருந்து சொல்லு."

ஜின்சி உட்கார்ந்தாள். ஃபைலைத் திறக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டு சொன்னாள். "மாமி, இது அந்த வீட்ல தாமசிக்கிய ஆளுகளுக்க லிஸ்ட்டு. ஜீனா மட்டும் இல்ல. இன்னொரு ஆளும் உண்டு."

"கூட்டாளியா இருக்கும். ஒரு பிலிப்பைன்ஸ்காரி கூட உண்டுன்னு முன்ன சொன்னா."

ஜின்சி தாளை வெளியே எடுத்தாள். பாடம் சொல்லிக்கொடுக்கிற அதே விரல்தான். அதை எழுத்தின் மேல் வைத்தாள். "இந்த எழுத்து பெண்ணுன்னு. இது பிறந்த வருசம். அவங்க ராஜா கணக்குல நாலு. நமக்கு ரெண்டாயிரத்து இருபத்திரண்டு. அஞ்சாம் மாசம்." விரல் வரியின் கடைசிக்குப் போனது. அங்கே கட்டத்துக்குள் சின்னதாக ஒரே ஒரு எழுத்து. கையை விரித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்கிறது போல. "இது நாங்க முதல் மாசத்துலயே படிக்கிய எழுத்தாக்கும். பிள்ளைன்னு அர்த்தம்."

"ஆருக்க பிள்ளை?"

ஜின்சி விரலை முதல் வரிக்குக் கொண்டுபோய், ஜீனாவின் பெயருக்குக் கீழே வைத்தாள்.

சுகிர்தபாய் எழுந்தாள். எதற்கு எழுந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. சாக்ஸ் போட்ட கால் வழுக்கி, நாற்காலியின் கையைப் பிடிக்கப் பார்த்து, பிடி கிடைக்காமல் தரையில் உட்கார்ந்துவிட்டாள். வலிக்கவில்லை. ஜின்சி தூக்க வந்தபோது கையை விலக்கி, "அச்சு தப்பா இருக்கும்" என்றாள். "கம்ப்யூட்டர் கடக்காரன் வேற ஆருக்கோ உள்ளத எடுத்து வச்சிட்டான். அவன் எப்பவும் அப்பிடியாக்கும். பேரு என்ன போட்டிருக்கு?"

"பெரிய எழுத்து எனக்கு வாசிக்க வராது மாமி. பக்கத்துல சின்ன எழுத்து உண்டு." ஜின்சி எழுத்துக் கூட்டினாள். "சா... ரா. சாரா."

ஈசாக்கின் அம்மா பெயர் சாராள். வேதத்தில் சாராளுக்குப் பிறந்தவன் ஈசாக்கு என்பதால் அவருக்கு அந்தப் பெயர். அச்சுப்பிழை இல்லை என்று சுகிர்தபாய்க்கு அப்போது தெரிந்தது.

இருபத்திரண்டு. மே மாதம். அதற்கு முந்தின மாதம்தான் மகன் நிஜினுக்குக் கல்யாணம் நடந்தது. சபை முழுக்க வந்திருந்தது. ஜீனா மட்டும் வரவில்லை. கொரோனா சட்டம், வெளியே போனால் திரும்ப ஏற முடியாது என்றாள். ஒரே தங்கச்சி, அண்ணன் கல்யாணத்துக்கு வராத தங்கச்சி என்று கல்யாணத்தன்று காலையில் சுகிர்தபாய் போனில் வாய்க்கு வந்தபடி திட்டினாள். பெற்ற மனசை ஜப்பான்காரனுக்கு விற்றுவிட்டாயா என்றுகூடக் கேட்டாள். எட்டு மாத வயிற்றோடு அந்தப் பெண் அதைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். அந்த நாலைந்து மாதம் போனில் கேமரா வேலை செய்யவில்லை. பிறகு வேலை செய்தபோது, "தடிச்சுப் போனியே மக்கா, என்ன தின்னுக?" என்று இவள்தான் கேலி செய்தாள். எப்போதாவது பின்னால் ஒரு அழுகை கேட்கும். கீழ் வீட்டுக் குழந்தை என்பாள். மூன்று வருஷம் அந்தக் கீழ் வீட்டுக் குழந்தை அழுதது இவளுக்கும் பழகிப்போயிருந்தது. ஒரு நாள், 'அந்தக் கொச்சுக்கு வாயுவா இருக்கும், ஓம தண்ணி குடுக்கச் சொல்லு' என்றுகூடச் சொன்னாள்.

ஜின்சி கதவு வரைக்கும் போய் நின்றாள். "நான் ஆருட்டயும் சொல்ல மாட்டேன் மாமி. எனக்க கொச்சுமேல சத்தியம்." செருப்பை மாட்டினாள். ஒன்றைக் கழற்றி மறுபடி மாட்டினாள். "அவ பிள்ளைய கூட வச்சிருக்கா. நான் எனக்கத இஞ்ச விட்டுட்டாக்கும் போகப்போறேன்" என்று தரையைப் பார்த்துச் சொல்லிவிட்டு, விறுவிறுவென்று போய்விட்டாள்.

தரையில் உட்கார்ந்தபடியே சுகிர்தபாய் போனை எடுத்தாள். இரண்டாவது மணியில் ஜீனா எடுத்தாள். "என்னம்மா, ரெண்டாவது பெட்டி கட்டியாச்சா?"

"சாரா உறங்கியாச்சா?"

அந்தப் பக்கம் ஏதோ இயந்திரம் ஓடிக்கொண்டிருந்த சத்தம். துணி துவைக்கிறதாக இருக்கும். அது மட்டும் கேட்டது.

"ஆரு வாசிச்சா?"

"ஜின்சி."

"அப்பா அறிஞ்சாச்சா?"

"இல்ல."

ஜீனா மூச்சு விட்டாள். "அம்மா, வேற கடலாசு வச்சும் விசா எடுத்திருக்கலாம். அதத்தான் அயச்சேன். ஆராவது வாசிச்சு சொல்லட்டும்னு. எனக்கு வாய் வரல்ல. ஒவ்வொரு வாட்டியும் இன்னைக்குச் சொல்லுவேன்னு நெனச்சு போன எடுப்பேன். சாக்ஸு போடணும், சத்தம் வைக்கக்கூடாதுன்னு சொல்லிட்டு வச்சிடுவேன்."

"அவன் உண்டா?"

"இல்ல. கூட வேல செஞ்ச ஆளு. பிள்ளை எனக்கதுதான்னு ஆபீஸ்ல கையெழுத்துப் போட்டுத் தந்தான். அதுக்கு ஆறு மாசம் ஆனப்போ வேற ஊருக்குப் போயிட்டான். நல்லவன்தான். அம்மைய எதுத்து நிக்கத் தெரியாதவன்."

"கல்யாணம்?"

"இல்லம்மா."

கேட்க வேண்டியது நூறு இருந்தது. ஏமாற்றிவிட்டாயே என்று கேட்கலாம். குடும்ப மானம் என்று கேட்கலாம். சுகிர்தபாய் வாயைத் திறந்தபோது வந்தது வேறு. "பேறு நேரத்துல கூட ஆரு இருந்தா?"

"ஆரும் இல்ல. தனியா பஸ்ஸுல போனேன். ஆறு மாசம் வரைக்கும் வேல போயிடும்னு இல்லத்துலயே சொல்லல்ல, பின்ன ஆரக் கூப்பிட?" குரல் அங்கேதான் கொஞ்சம் உடைந்தது. "பக்கத்து பெட்டுல உள்ளவ சத்தமே வைக்கல்லம்மா. இஞ்ச அப்பிடியாக்கும். நானும் வைக்கல்ல. டவல கடிச்சுக்கிட்டேன். பதினாலு மணிக்கூர்."

சுகிர்தபாய் போனைக் காதில் வைத்தபடியே இன்னொரு கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஜீனா பிறந்தபோது தான் போட்ட கூச்சலில் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்ற ஈசாக்குக்குத் தலைசுற்றல் வந்து அவரை ஒரு பெஞ்சில் படுக்க வைத்தார்கள்.

ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. "அப்பா வந்தாச்சு. வைக்கேன்" என்றாள்.

ஈசாக் துணிக்கடைப் பையோடு உற்சாகமாக ஏறி வந்தார். "அஞ்சு எண்ணம் வாங்கியிருக்கேன், பாத்தியா? கடக்காரன் நாலு எடுத்தா போதும்னான். நாலு கொடுத்தா அங்க ஆளக் கொல்லுகதுக்குச் சமமாக்கும்னு சொன்னேன். விழுந்து விழுந்து சிரிக்கான்." பையை மேசையில் வைத்தபிறகுதான் அவளைப் பார்த்தார். "எதுக்கு தரையில இருக்க?"

சுற்றி வளைத்துச் சொல்ல அவளுக்குத் தெம்பில்லை. "ஜீனாவுக்கு ஒரு பிள்ளை உண்டு" என்றாள்.

"எந்த ஜீனா?" என்றார் ஈசாக்.

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பரணிவிளையில சுகுமாரிக்க மகளா? அவ பேரு ஜீனான்னா?" என்று அவர் கேட்டார். பிறகு மேசைமேல் திறந்து கிடந்த தாளைப் பார்த்தார். ஒன்றும் புரியாத எழுத்துகள்தான். ஆனாலும் அதைப் பார்த்ததும் அவர் முகத்தில் இரத்தம் இல்லாமல் போய்விட்டது. மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லி முடித்துவிட்டு அந்தக் கூச்சலுக்காகக் காத்திருந்தாள். அது வந்தால் நல்லது என்றுகூட நினைத்தாள். வரவில்லை. இரண்டு வாரமாகப் பழகிய அந்த மெல்லிய குரலிலேயே கேட்டார்.

"நிஜினுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

எழுந்து பாஸ்போர்ட் இரண்டையும் எடுத்தார். அலமாரிக்குள் வைத்துப் பூட்டினார். சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "போகண்டாம். சுகமில்லன்னு சொல்லிக்கலாம். போதகருக்கு நான் போன் செய்யுதேன்."

"ஆருக்கு சுகமில்லன்னு சொல்லுவீங்க?"

"எனக்கு."

"நான் போவேன்."

"நீயா? தனியா இதுவரைக்கும் திருவனந்தபுரம் போயிருக்கியா? அங்க போய் தண்ணி கேக்கத் தெரியுமா உனக்கு?"

சுகிர்தபாய் எழுந்து நின்றாள். "மிசு ஒனேகாய்ஷிமாஸ்" என்றாள். இருவருமே ஒரு நிமிஷம் திகைத்துப் போனார்கள். முப்பத்தாறு வருஷத்தில் அந்த வீட்டில் அவள் அப்படி நிமிர்ந்து நின்று பதில் சொன்னதில்லை. சொன்னதும் அந்நிய மொழியில்.

"அதுக்குப் பேரு என்னன்னு நீங்க கேக்கல்லியே?"

"எனக்கு வேண்டாம்."

"சாரா."

ஈசாக் அலமாரியில் கையை ஊன்றினார். கண்ணாடியில் அவர் முகம் அவருக்கு மிகப் பக்கத்தில் இருந்தது. அப்போதுதான் அது வந்தது. "எனக்க அம்மைக்க பேர எடுக்க அவளுக்கு ஆரு சொன்னா?" கம்பத்து உச்சிக்குப் போகிற குரல். ஜின்சி வீட்டு நாய் குரைத்தது. எதிர்த்தோட்டத்தில் ரப்பர்பால் வாளியோடு போன யாரோ நின்று திரும்பிப் பார்த்தார்கள். கடைசி வார்த்தை பாதியில் கீறல் விழுந்து, இருமலாக மாறி, பிறகு என்னவென்று சொல்ல முடியாத ஒரு சத்தமாக ஆனது. அவர் செருப்பும் போடாமல் இறங்கி, ரப்பர் மரங்களுக்குள்ளே போய்விட்டார். சுகிர்தபாய் கூப்பிடவில்லை. விளக்கு போட்டபிறகு வந்தார். கால் முழுக்கச் சேறு. சாப்பிடவில்லை. போதகருக்குப் போன் செய்தாரா என்று அவள் கேட்கவுமில்லை.

விடிந்து ஆறரை மணிக்கு, சுகிர்தபாய் அடுக்களையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. வீடியோ. ஜீனாவுக்கு அன்று லீவு. கையைத் துடைத்துக்கொண்டு எடுத்தாள். திரை நிறைய ஒரு நெற்றி. நெற்றியில் ஒட்டிய கொஞ்சம் முடி, ஒரு கண், அதுவும் பாதி. அவ்வளவு பக்கத்தில் வந்து அந்தக் கண் இவளைப் பார்த்தது. அந்தக் கண் ஒரு தடவை இமைத்தது. பிறகு படபடவென்று ஓடும் சத்தம்.

போனை எதிலோ சாய்த்து வைத்திருந்தார்கள் போலிருக்கிறது. இப்போது திரையில் யாரும் இல்லை. பாய் விரித்த தரை, ஒரு கண்ணாடிக் கதவு, அதற்கு வெளியே சின்ன பால்கனி. அங்கே மழை பெய்துகொண்டிருந்தது. கொடியில் மஞ்சள் நிறத்தில் ஒரு குட்டி மழைக்கோட்டு தொங்கி, அதன் கை இரண்டிலிருந்தும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே எங்கேயோ ஜீனா அந்த ஊர் மொழியில் கெஞ்சிக் கூப்பிடுகிறாள். ஒரு சின்னக் குரல், மாட்டேன் என்று சொல்வது எந்த மொழியிலும் தெரியும் குரல், திரும்பத் திரும்ப ஒன்றையே சொல்கிறது.

வெளியே வாஷ்பேசினில் சவரம் செய்துகொண்டிருந்த ஈசாக் எப்போது வந்து அவள் பின்னால் நின்றார் என்று அவளுக்குத் தெரியாது. சோப்பு வாசனை வந்து திரும்பிப் பார்த்தாள். முகத்தில் ஒரு பக்கம் மழித்திருந்தது, ஒரு பக்கம் நுரை. அவர் அவளைப் பார்க்கவில்லை. ஆள் இல்லாத அந்த அறையைப் பார்த்துக் குனிந்தார். இன்னும் கொஞ்சம் குனிந்தார். தாடையிலிருந்து நுரை ஒரு பொட்டு திரையின் மேல் விழுந்தது. அதை அவர் சுண்டுவிரல் நுனியால், அடியில் இருந்த, அழைப்பைத் துண்டிக்கும் சிவப்பு வட்டத்தில் பட்டுவிடாமல், மெதுவாக ஓரமாக வழித்து எடுத்தார்.